கன்சோலை மேடையிலிருந்தே இயக்க: போனையும் டேப்லெட்டையும் லைட் ரிமோட் ஆக்கும் முழு வழிகாட்டி

நாடகத்துக்கு முந்தைய நாள் மாலை. ஏணி உச்சியில் ஒருவர், மேடை நடுவில் ஒருவர், அரங்கின் பின்கோடியில் லைட்டுகளை இயக்கும் கன்சோலுக்கு முன்னால் ஒருவர்.

"பதினாலு போடு தம்பி!"

"நாலாண்ணே?"

"பதினாலு! பத்தும் நாலும்!"

அறுபது லைட்டுக்கு இப்படி அறுபது தடவை கத்தினால் மறுநாள் தொண்டை இருக்காது. நாடகக்காரர்கள் ஒரு மூலையில் வசனம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மைக் ஆள் வேறு "செக், செக்" என்று ஆரம்பித்திருப்பார். கன்சோலில் இருக்கிற தம்பியின் வேலையை மேடையில் நிற்பவரின் கைக்கே கொண்டுவருவதுதான் இந்த ரிமோட்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் ரிமோட் ஃபோகஸ் செய்ய (லைட்டை வேண்டிய இடத்துக்குத் திருப்பி நிறுத்த), பேட்ச் (எந்த எண்ணில் எந்த லைட் என்ற இணைப்பு) சரிபார்க்க, ஒத்திகையில் ஒற்றை ஆளாகச் சமாளிக்க. ஷோ ஓட்ட அல்ல. இதிலுள்ள எல்லா ஆலோசனையும் அந்த எண்ணத்தில் சொன்னவைதான்.

உங்கள் கன்சோலுக்கு எந்த வழி?

கன்சோலைப் போனோடு இணைக்க நான்கு வழிகள் உண்டு. கன்சோல் தயாரித்தவர்களே தரும் ஆப் ஒன்று. போனின் பிரவுசரில் கன்சோலின் முகவரியைத் தட்டினால் திறக்கும் வெப் ரிமோட் இரண்டாவது. மூன்றாவது ஓஎஸ்சி, அதாவது டச்ஓஎஸ்சி போன்ற ஆப்பில் நீங்களே பட்டன்களை வரைந்து, ஒவ்வொரு தொடுதலையும் சிறு செய்தியாக அனுப்புவது. நான்காவது, லேப்டாப் திரையையே போனில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் வகை. மவுஸுக்காகச் செய்த சின்னச் சின்னப் பட்டன்களைக் கட்டைவிரலால் தொட முயன்றால் பக்கத்துப் பட்டன்தான் அமுங்கும். ஆகவே கடைசியைக் கடைசிப் புகலிடமாகவே வையுங்கள்.

பழைய டிஎம்எக்ஸ் போர்டில் நெட்வொர்க் துளையே இல்லை என்றால் இதெல்லாம் நடக்காது. டிஎம்எக்ஸ் 1986-இல் வந்த ஒருவழிப் பாதை. ஒரு கேபிளில் 512 சேனல், கன்சோலிலிருந்து லைட்டுக்கு மட்டும் போகும். ரிமோட் என்பது கன்சோலின் நெட்வொர்க் பக்கமாக உள்ளே வரும் விஷயம். அப்படிப்பட்ட போர்டு வைத்திருப்பவர்கள் கீழே வரும் க்யூஎல்சி பிளஸ் பகுதியைப் பாருங்கள். பழைய லேப்டாப் ஒன்று போதும்.

படி 1: உங்களுக்கென்று ஒரு ரவுட்டர்

பத்தில் எட்டு இடங்களில் ரிமோட் சொதப்புவது இங்கேதான். ஆப்பைக் குறை சொல்வோம், தப்பு ரவுட்டரில் இருக்கும்.

மண்டபத்து வைஃபையில் கன்சோலைச் சேர்க்காதீர்கள். கல்யாண மண்டபத்தில் வைஃபை பாஸ்வேர்ட் கேட்காத சொந்தக்காரர் உண்டா? அத்தனை பேரும் வீடியோ பார்க்கிற அதே குழாயில்தான் உங்கள் பதினாலாம் நம்பர் லைட்டும் போகும். போதாததற்கு, பொது வைஃபைகளில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். போனும் கன்சோலும் ஒரே வைஃபையில் இருக்கும், ஆனாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

சொந்தமாக ஒரு சாதாரண டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள) ரவுட்டர் வாங்குங்கள். இன்டர்நெட் இணைப்பு தேவையில்லை. அதில் செய்ய வேண்டியவை:

வைஃபையின் பெயரில் "லைட்" என்று வைக்காதீர்கள், வேண்டாத ஆர்வத்தை வரவழைக்கும். பாஸ்வேர்ட் டபிள்யூபிஏ2 வகையில் இருக்கட்டும், லைட் ஆட்களைத் தவிர யாருக்கும் தராதீர்கள். கெஸ்ட் நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸும் 5 கிகாஹெர்ட்ஸும் ஒரே பெயரில் இருந்தால் பிரித்து இரண்டு பெயர் வையுங்கள். ரிமோட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ். காலியான அரங்கில் 2.4 அருமையாக ஓடும், சுவரையும் தாண்டும். அரங்கு நிறைந்ததும் ஐந்நூறு போன், ஐந்நூறு புளூடூத், வயர்லெஸ் மைக் சிலது எல்லாம் அதே இடத்தில் நெரியும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். 5-இல் இடம் தாராளம். ஆனால் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 36 முதல் 48 வரை ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். அதற்கு மேலே உள்ள பல சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் சிக்னல் வந்ததாக ரவுட்டர் நினைத்தால் சட்டென்று சேனலை விட்டு வெளியேறும், உங்கள் இணைப்பும் அறுந்துபோகும்.

ரவுட்டரை எங்கே வைப்பது? கன்சோல் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு "ஒத்திகையில் வேலை செய்தது, ஷோவில் செய்யவில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் வைஃபை அலையை விழுங்கும். ஜனம் உட்கார்ந்ததும் மேஜைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு தண்ணீர்ச் சுவர் எழுந்துவிடுகிறது. ஆகவே ரவுட்டரை உயரத்தில், முடிந்தால் மேடைப் பக்கவாட்டிலேயே கட்டுங்கள். அங்கிருந்து கன்சோலுக்கு ஒரு கேட்6 கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். இரும்பு ரேக்குக்குள் மட்டும் வைக்க வேண்டாம்.

மின்சாரம். ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இரண்டு விநாடியில் கன்சோல் யூபிஎஸ்ஸில் தப்பித்துவிடும், ரவுட்டர் அணைந்து மறுபடி எழ ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். வீட்டு ரவுட்டருக்கென்று விற்கிற 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

படி 2: முகவரிகள்

இதைத் தாளில் எழுதிக்கொண்டு செய்யுங்கள். உதாரணத்துக்கு:

ரவுட்டர்: 192.168.10.1
கன்சோல் அல்லது லேப்டாப்: 192.168.10.5 (கையால் போட்டது, மாறாது)
மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே குடும்பம் என்று சொல்லும் எண்): எல்லாவற்றுக்கும் 255.255.255.0
போன், டேப்லெட்: ரவுட்டர் தானாகத் தருவது, கடைசி எண் 100 முதல் 150 வரை

கன்சோலின் முகவரியை நிலையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ரவுட்டரே தரட்டும் என்று விட்டால் இன்று 101, நாளை 104. ஏணியடியில் நின்றுகொண்டு கன்சோலின் முகவரியைத் தேடுவது நல்ல பொழுதுபோக்கு இல்லை.

லைட்டுக்குப் போகும் தகவலும் நெட்வொர்க்கில்தான் போகிறது என்றால், அதாவது டிஎம்எக்ஸை நெட்வொர்க் வழியாக அனுப்பும் ஆர்ட்நெட் அல்லது எஸ்ஏசிஎன் பயன்படுத்துகிறீர்கள் என்றால், இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தத் தகவல் வைஃபை பக்கம் வரவே கூடாது. ஒவ்வொரு யூனிவர்ஸுக்கும் (512 சேனல் கொண்ட ஒரு தொகுப்பு) விநாடிக்கு நாற்பது முறைக்கு மேல் அனுப்புகிற வகை அது. பிராட்காஸ்ட்டாகவோ மல்டிகாஸ்ட்டாகவோ, அதாவது ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போனால் சாதாரண ரவுட்டர் அதை வைஃபையிலும் கொட்டும், அதுவும் மிக மெதுவான வேகத்தில். காற்று முழுவதும் அடைத்துக்கொண்டு ரிமோட் திணறும். கன்சோலில் இரண்டு நெட்வொர்க் துளை இருந்தால் ஒன்று லைட்டுக்கு, ஒன்று ரவுட்டருக்கு. லேப்டாப் என்றால் கேபிள் வழியாக ஆர்ட்நெட் நோடு (நெட்வொர்க் தகவலை டிஎம்எக்ஸாக மாற்றும் பெட்டி), லேப்டாப்பின் வைஃபை வழியாக ரவுட்டர். இரண்டுக்கும் முகவரிக் குடும்பம் வேறாக இருக்க வேண்டும். லைட் பக்கம் ஆர்ட்நெட்டின் வழக்கப்படி 2.0.0.5, மாஸ்க் 255.0.0.0, ரிமோட் பக்கம் மேலே சொன்ன 192.168.10.5. இரண்டும் ஒரே குடும்பத்தில் இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று லேப்டாப் குழம்பும்.

படி 3: போனைத் தயார் செய்தல்

முதலில் ஏரோபிளேன் மோட். பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். இந்த ஒரே செயலில் இரண்டு தொல்லை தீரும். நடுவில் போன் கால் வராது. இன்டர்நெட் இல்லாத வைஃபையைக் கண்டால் "இது உதவாது" என்று தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் போன்களின் புத்திசாலித்தனமும் அடங்கும். ஆண்ட்ராய்டு "இந்த நெட்வொர்க்கில் இன்டர்நெட் இல்லை, இணைப்பில் இருக்கவா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லி, மறுபடி கேட்காதபடி டிக் செய்யுங்கள்.

ஐபோன், ஐபேடில் ஐஓஎஸ் 14-இலிருந்து ஒவ்வொரு ஆப்பும் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி கேட்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருந்தால் ஆப் கன்சோலை எப்போதும் கண்டுபிடிக்காது, ஏனென்றும் சொல்லாது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய்த் திறந்துவிடுங்கள்.

திரை தானாக அணையும் நேரத்தை நீட்டி, வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். இருட்டு மேடையில் முகத்துக்கு நேரே டேப்லெட் வெளிச்சம் அடித்தால் லைட்டின் விளிம்பு உங்கள் கண்ணுக்கே தெரியாது.

படி 4: கன்சோல் பக்கம்

*க்யூஎல்சி பிளஸ்.* இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெரி பை எதிலும் ஓடும். யூஎஸ்பி டிஎம்எக்ஸ் டாங்கிள் ஒன்று சேர்த்தால் முழு கன்சோல். கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த இடம் இல்லை, ஏனென்றால் லைட் ஒன்றுகூட இல்லாமல் வீட்டு மேஜையிலேயே பழகலாம்.

இதன் வெப் வசதி வழக்கமாகத் திறந்தால் வராது. விண்டோஸில் டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். டார்கெட் என்ற பெட்டியில் இருக்கும் வரியின் கடைசியில், மேற்கோள் குறிக்கு வெளியே, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஆங்கிலத்தின் சின்ன 'டபிள்யூ' எழுத்தும் சேருங்கள். சேமித்து, அந்த ஷார்ட்கட்டிலிருந்தே திறங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும், 'பிரைவேட் நெட்வொர்க்' என்பதற்கு அனுமதி கொடுங்கள். உங்கள் ரவுட்டரை விண்டோஸ் 'பப்ளிக்' என்று வகைப்படுத்தியிருந்தால் அதை பிரைவேட் என மாற்றுவதும் உங்கள் வேலை. இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

இப்போது போன் பிரவுசரில் 192.168.10.5:9999 என்று தட்டுங்கள். நடுவில் இருப்பது முக்காற்புள்ளி. லேப்டாப்பில் நீங்கள் செய்துவைத்த விர்ச்சுவல் கன்சோல் போனில் திறக்கும். பட்டன், ஸ்லைடர், க்யூ லிஸ்ட் (லைட் மாற்றங்களின் வரிசை) எல்லாம் இயங்கும். அதே பக்கத்தில் 'சிம்பிள் டெஸ்க்' என்று ஒன்று இருக்கும். அதில் 512 சேனலும் நேராகக் கையில் கிடைக்கும், பேட்ச் பார்க்க அதுவே போதும். பட்டன்கள் அசையவில்லை என்றால் லேப்டாப்பில் மென்பொருள் இன்னும் டிசைன் மோடில் இருக்கிறது. ஆப்பரேட் மோடுக்கு மாற்றுங்கள்.

ஓஎஸ்சி வழியில் போக விரும்பினால்: இன்புட் அவுட்புட் பக்கத்தில் முதல் யூனிவர்ஸுக்கு ஓஎஸ்சி இன்புட்டை டிக் செய்யுங்கள். அது 7700 என்ற போர்ட்டில் காத்திருக்கும். டச்ஓஎஸ்சியில் லேப்டாப்பின் முகவரியையும் 7700-ஐயும் கொடுங்கள். பிறகு விர்ச்சுவல் கன்சோலில் ஒரு பட்டனின் பண்புகளுக்குப் போய் ஆட்டோ டிடெக்ட்டை அமுக்கி, போனில் வேண்டிய பட்டனைத் தொட்டால் இரண்டும் ஜோடி சேர்ந்துவிடும்.

*கிராண்ட்எம்ஏ2.* செட்டப்பில் கன்சோல் பகுதிக்குப் போய் குளோபல் செட்டிங்ஸில் ரிமோட்ஸ் என்பதை 'லாகின் எனேபிள்ட்' ஆக்குங்கள். பிறகு போன் பிரவுசரில் கன்சோலின் ஐபி எண் (படி 2-இல் போட்ட முகவரி) மட்டும் போதும். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இங்கே அட்மின் பெயரில் நுழையாதீர்கள். யூசர் பகுதியில் போனுக்கென்று தனி யூசர் ஒன்றை உருவாக்கி, உரிமையை ஃபோகஸ் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவில் நிறுத்துங்கள். பிளேபேக், பிரிசெட்ஸ், புரோகிராம், செட்டப், அட்மின் என்று படிப்படியாக உரிமைகள் இருக்கின்றன.

தனி யூசர் வைத்தால் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். எம்ஏ2-இல் ஒவ்வொரு யூசருக்கும் தனி புரோகிராமர், அதாவது கையால் போட்ட மாற்றங்கள் தங்கும் இடம். போனிலிருந்து ஒரு லைட்டை ஏற்றிவிட்டு, கன்சோலுக்குத் திரும்பி வந்து கிளியரை எத்தனை முறை அமுக்கினாலும் அது அணையாது. போனிலிருந்துதான் கிளியர் செய்ய வேண்டும். முதல் முறை இது நடந்தபோது லைட்டே கெட்டுவிட்டது என்று நினைத்து ஏணி ஏறிவிட்டேன்.

கிராண்ட்எம்ஏ3-இலும் வெப் ரிமோட்டை செட்டிங்ஸில் இயக்கிவிட்டு பிரவுசரில் ஐபி எண்ணோடு 8080 சேர்த்துத் தட்ட வேண்டும்.

*இடிசி ஈயாஸ் வகை.* ஐபோனுக்கு ஐஆர்எஃப்ஆர் ஆப், ஆண்ட்ராய்டுக்கு ஏஆர்எஃப்ஆர் ஆப். ஆர்எஃப்ஆர் என்றால் ரேடியோ ஃபோகஸ் ரிமோட். பெயரிலேயே 'ஃபோகஸ்' இருப்பதைக் கவனியுங்கள், செய்தவர்களுக்கு இது எதற்கு என்று தெரிந்திருக்கிறது. கீபேட், சேனல் செக், அடுத்தது, முந்தையது எல்லாம் ஏணியடியில் நிற்பவருக்கு ஏற்றபடி பெரிய பட்டன்களாக இருக்கும்.

*அவோலைட்ஸ், சாம்சிஸ்.* அவோலைட்ஸின் டைட்டன் ரிமோட் ஆப்பின் பதிப்பும் கன்சோலில் உள்ள டைட்டன் பதிப்பும் பொருந்த வேண்டும். கன்சோலை அப்டேட் செய்த மறுநாள் ஆப் வேலை செய்யவில்லை என்றால் காரணம் அதுதான். சாம்சிஸ் மேஜிக்யூவுக்கும் சொந்த ரிமோட் ஆப் உண்டு. கன்சோலின் செட்டப்பில் ரிமோட் அனுமதியைத் திறந்துவிட வேண்டும்.

படி 5: போன் பக்கத்தை வடிவமைத்தல்

கன்சோலில் இருப்பதையெல்லாம் போனில் கொண்டுவர ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஃபோகஸுக்கு வேண்டியது அடுத்த லைட், முந்தைய லைட், ஃபுல், பாதி, அணை, மேடைக்குப் பொதுவெளிச்சம். அவ்வளவுதான்.

பிளாக்அவுட் (எல்லா லைட்டையும் அணைப்பது), கிராண்ட் மாஸ்டர் (மொத்த வெளிச்சத்தையும் ஏற்றி இறக்குவது), கோ (அடுத்த லைட் மாற்றத்துக்குப் போவது) மூன்றும் போனில் வேண்டாம். ஒரு கல்லூரி நாடகத்தில், உருக்கமான காட்சி நடுவே, பக்கம் திறந்த நிலையில் போனைச் சட்டைப்பையில் போட்டேன். பையிலிருந்த சில்லறையோ விரலோ, எதுவோ பிளாக்அவுட்டை அமுக்கியது. பார்வையாளர்கள் அதை இயக்குநரின் உத்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். இயக்குநர் கைதட்டவில்லை.

இன்னொன்று, அமுக்கியிருக்கும்வரை எரியும் ஃபிளாஷ் வகைப் பட்டன்களைத் தவிருங்கள். அமுக்கியது ஒரு செய்தி, விட்டது இன்னொரு செய்தி. ஓஎஸ்சி பெரும்பாலும் யூடிபி வழியாகப் போகிறது. போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. விட்ட செய்தி வழியில் தொலைந்தால் லைட் எரிந்துகொண்டே இருக்கும். அது ஸ்ட்ரோப்பாக இருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எல்லாப் பட்டனையும் தொட்டால் ஆன், மறுபடி தொட்டால் ஆஃப் என்ற டாகிள் வகையாகவே வையுங்கள்.

படி 6: ஃபோகஸ் நாளில்

அரங்க விளக்கை முழுதாக அணைக்காமல் மங்கலாக விட்டு, மேடையில் நடிகர் நிற்கப்போகும் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். போனில் முதல் லைட். வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்பதைக் கண்ணால் நேராகப் பார்த்து அறிய முயல வேண்டாம்; உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள், உள்ளங்கையை நெற்றி உயரத்தில் நீட்டிப் பாருங்கள். எல்ஈடி என்றால் பாதி வெளிச்சத்தில் செய்யலாம், கண் தப்பும். ஏணியில் இருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் உள்ளே", "கீழே", "லாக்" என்று சொல்ல மட்டும் வாய் போதும். அடுத்தது.

ஏணி மேல் இருப்பவர் கையில் டேப்லெட் கூடாது. ஒரு கை ஏணிக்கு, ஒரு கை ஸ்பேனருக்கு. மூன்றாவது கை யாருக்கும் இல்லை. தனி ஆளாக ஏறியே தீர வேண்டும் என்றால், ஏறுவதற்கு முன்பே லைட்டை ஏற்றிவிட்டு, போனைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

மூவிங் ஹெட் (மோட்டாரில் தானாகத் திரும்பும் லைட்) பக்கத்தில் யாராவது ட்ரஸ் (லைட் மாட்டும் சட்டம்) மேல் இருந்தால் போனிலிருந்து பான், டில்ட், ரீசெட் என்று அதை அசைக்கும் எதையும் தொடாதீர்கள். கன்சோலில் இருப்பவர் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பார். போனில் இருப்பவர் குனிந்து திரையைப் பார்ப்பார். அந்த வித்தியாசத்தில்தான் விரல் நசுங்கும்.

இணையவில்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள், வரிசை மாற்றாதீர்கள். போன் சரியான வைஃபையில்தான் இருக்கிறதா, நைசாக வேறொன்றுக்குப் போய்விட்டதா? போன் பிரவுசரில் 192.168.10.1 தட்டினால் ரவுட்டர் பக்கம் திறக்கிறதா? திறந்தால் வைஃபை சரி. அடுத்து, பிங் ஆப் (ஒரு முகவரி பதில் தருகிறதா என்று சோதிப்பது) ஒன்றில் கன்சோலின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் கேபிள், முகவரி, மாஸ்க். விண்டோஸ் லேப்டாப் என்றால் ஃபயர்வால் பிங்குக்கே பதில் தராமல் இருக்கலாம், அதனால் அதைச் சிறிது நேரம் அணைத்துச் சோதியுங்கள். மறக்காமல் திரும்ப இயக்குங்கள். பிங் வருகிறது, ஆப் மட்டும் வரவில்லை என்றால் கன்சோலில் ரிமோட் அனுமதி, ஐபோனில் லோக்கல் நெட்வொர்க் அனுமதி, பதிப்புப் பொருத்தம்.

இணைகிறது, ஆனால் தாமதமாக அசைகிறது என்றால் லைட் தகவல் வைஃபைக்குள் கசிகிறது, அல்லது போன் 2.4-இல் மாட்டியிருக்கிறது.

ஷோ நேரத்தில்

இணைப்பு அறுந்தால் லைட் அணையாது. டிஎம்எக்ஸ் அனுப்புவது கன்சோல்தான், போன் அல்ல. கடைசியாக இருந்த நிலை அப்படியே நிற்கும். ஆனால் அடுத்த மாற்றத்தைச் செய்ய ஆள் கன்சோலில் இருக்க வேண்டும். ஆகவே மணி அடித்ததும் நான் செய்வது ஒன்றுதான். போனிலிருந்து கிளியர், லாக்அவுட், பிறகு ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு, கன்சோலுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, விரலைக் கோ பட்டன் மேல் வைத்துக்கொள்வேன்.